உசிலம்பட்டியிலிருந்து ஒருநாள் உல்லாசம்: ஒரு நூற்றாண்டு வரலாறு

உசிலம்பட்டி வட்டாரத்தில் குடும்பத்தோடு வெளியூர் போய்ப் பொழுதைக் கழித்துவிட்டு வருவது நெடுங்காலம் சாமி கும்பிடுவதோடு சேர்ந்தே நடந்தது. மாசிச் சிவராத்திரியில் பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலுக்குச் சாமிப் பெட்டி தூக்கிப் போவார்கள். சித்திரைப் பௌர்ணமியில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க மதுரைக்குப் போவார்கள். சித்திரைக் கடைசியில் தேனிக்குத் தெற்கே வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. எல்லாவற்றுக்கும் நாள் பஞ்சாங்கத்தில் இருந்தது. வண்டி கட்டுவது, புளியோதரை கிண்டிக் கட்டுச்சோறு முடிவது, ஆடுமாட்டைப் பார்த்துக்கொள்ள ஒருவரை வீட்டில் விட்டுப் போவது என எல்லாம் பல நாள் முன்பே பேசி வைத்தவை. சித்திரைத் திருவிழாவுக்குக் கூண்டு வண்டியில் போனவர்கள் வைகை மணலிலேயே தங்கினார்கள். தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவு இரண்டும் இல்லை. கையில் கொண்டுபோன காசு வளையலுக்கும் பொரிகடலைக்கும் ராட்டினத்துக்கும்தான். தேனூரில் நடந்துவந்த அழகர் விழாவை 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் மதுரைக்கு மாற்றி, மீனாட்சி கல்யாணத்தோடு இணைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. சுற்றுப்பட்டு ஊர்களின் கூட்டமெல்லாம் ஒரே நகரத்துக்கு, ஒரே வாரத்தில் வந்து சேரும் வழக்கம் அதிலிருந்து வலுப்பட்டது.

நினைத்தவுடன் புறப்படுவது என்பது இந்த ஊர்களில் ஒரு காலத்தில் சட்டப்படியே முடியாத காரியம். குற்றப் பரம்பரைச் சட்டம் 1914-இல் மதுரைக்கு அருகிலுள்ள கீழக்குயில்குடியில் தொடங்கி, 1918-இல் இந்த ஊர்களில் வாழும் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதன்மீதும் போடப்பட்டது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். கைரேகை பதிந்த ஆண் இரவில் தன் ஊரில் இருந்தாக வேண்டும். வெளியூரில் தங்க வேண்டுமானால் ராத்திரிச் சீட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும், போன ஊரில் அதைக் காட்ட வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல்தான் நீங்கியது. விடிய விடிய நடக்கும் அழகர் திருவிழாவுக்கு ஒரு குடும்பம் போவதைக்கூட அந்த ஆண்டுகளில் சீட்டுத்தான் தீர்மானித்தது. அழகரோ கள்ளர் வேடம் பூண்டுதான் அதே வைகைக்கு வந்துகொண்டிருந்தார்.

ரயில் அந்தச் சட்டம் நடப்பில் இருந்தபோதே வந்தது. மதுரை – போடிநாயக்கனூர் மீட்டர் கேஜ் பாதை 1928-இல் திறக்கப்பட்டதும், வண்டிமாட்டுக்கு ஒருநாள் வழியாக இருந்த மதுரை சில மணி நேரத் தொலைவுக்குள் வந்துவிட்டது. ஆனால் இரண்டாம் உலகப் போருக்கு இரும்பு வேண்டும் என்று 1942-இல் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அது திரும்பி வர 1950-களின் நடுப்பகுதி ஆயிற்று. அதற்குள் பஸ் பழகிவிட்டது. மதுரை வட்டாரத்தில் பஸ் என்றாலே டி.வி.எஸ். என்றிருந்த நிலை 1972-இல் அரசுடைமை ஆனதோடு மாறி, பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. மதுரை – தேனி சாலையில் இரவிலும் பஸ் கிடைத்ததால், படம் பார்க்கக்கூட நகரத்துக்குப் போய் வர முடிந்தது. 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’யோடு திறந்த மதுரைத் தங்கம் தியேட்டரில் 2,500-க்கும் மேற்பட்ட இருக்கைகள் இருந்தன. அந்தக் கட்டடத்தைப் பார்ப்பதே சிலருக்குப் பயணத்தின் பாதி.

சாமியோடு தொடர்பில்லாத முதல் பெரிய உல்லாச இடம் வைகை அணை. 1959 ஜனவரி 21 அன்று முதலமைச்சர் காமராஜர் அதைத் திறந்து வைத்தார். பாசனத்துக்காகக் கட்டிய அணையின் இருபுறமும் பூங்கா போட்டு, நீரூற்றும் வண்ண விளக்கும் வைத்தது அந்தக் காலத்துப் பொதுப்பணித் துறைக்கே உரிய தாராளம். மைசூருக்குப் பக்கத்துப் பிருந்தாவனப் பூங்கா காட்டிய வழி அது. உசிலம்பட்டியிலிருந்து கணவாய் தாண்டினால் ஆண்டிபட்டி, அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் அளவில் அணை. காலையில் முடிவு செய்து மதியம் போய்ச் சேரலாம். நுழைவுக் கட்டணம் சில ரூபாய்க்குள் இருந்தது. சோற்றுத் தூக்கைப் பூங்காப் புல்லில் பிரித்தால் யாரும் தடுக்கவில்லை. சிறுவர்களுக்குப் பொம்மை ரயில், பெரியவர்களுக்கு அணை மீன் வறுவல். புதுமணத் தம்பதிகள் முதல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரை எல்லோரும் ஒருமுறையாவது போன இடம் அது.

இதில் உசிலம்பட்டிக்காரர்களுக்கு மட்டும் உறைக்கும் ஒரு முரண் உண்டு. அவர்கள் வேடிக்கை பார்க்கப் போன தண்ணீர் அவர்கள் வயலுக்கு வரவில்லை. அதற்காகப் பல்லாண்டுப் போராட்டத்துக்குப் பின் வெட்டப்பட்ட 58 கிராமக் கால்வாயிலும், 71 அடி கொள்ளும் அணையில் நீர்மட்டம் 67 அடியை எட்டினால்தான் தண்ணீர் திறக்கப்படும். அணை நிரம்பியிருக்கிறதா என்ற கேள்வி இந்த வட்டாரத்தில் சுற்றுலாச் செய்தியாக மட்டும் இருந்ததில்லை.

மதுரைப் பக்கம் போனால் தமுக்கம். நாயக்கர் காலத்து அரண்மனையின் எதிரே விளையாட்டும் யானைப் போரும் நடந்த திடல் என்று சொல்லப்படும் அந்த மைதானத்தில், செய்தி மக்கள் தொடர்புத் துறை சித்திரையை ஒட்டி அரசுப் பொருட்காட்சி நடத்திவந்தது. துறைவாரி அரங்குகளை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மக்கள் நின்றது டெல்லி அப்பளக் கடையிலும் ராட்டினத்தடியிலும்தான். வீரபாண்டித் திருவிழாவிலும் இதே காட்சிதான், கூட்டம் இன்னும் பெரிது. ராட்டினக்காரர்கள் திருவிழா திருவிழாவாக இரும்பை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள். அவர்கள் கணக்கு எளிது: ஏறுகிறவர் மட்டும் காசு கொடுக்க வேண்டும். ஆறு பேர் குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள் சுற்ற, மற்ற நால்வரும் கீழே நின்று சிரித்துக்கொண்டிருக்கலாம். பாட்டிக்குச் செலவே இல்லை. கையில் இருக்கும் காசுக்குத் தக்கபடி உல்லாசத்தைச் சுருக்கவும் நீட்டவும் இடம் கொடுத்த முறை இது.

தீம் பார்க் இந்தக் கணக்கைப் புரட்டிப் போட்டது. டெல்லியில் அப்பு கர் 1984-இல் வந்தது. தாம்பரம் அருகே நவோதயா அப்பச்சனின் கிஷ்கிந்தா 1995-இல் வந்தது. மதுரை மக்களுக்கு, திண்டுக்கல் சாலையில் பரவையில் அமைந்த ‘அதிசயம்’ பூங்கா கிடைத்தது. நீர்ச்சறுக்கும் அலைக்குளமும் இல்லாத வறண்ட சமவெளிக்கு அது உண்மையிலேயே அதிசயம்தான். ஆனால் வாசலிலேயே தலைக்கு ஒரு சீட்டு. உள்ளே போனபின் எதில் எத்தனை தடவை ஏறினாலும் ஒன்றுதான். அமெரிக்காவின் டிஸ்னிலேண்டே 1955-இல் திறந்தபோது சவாரிக்குத் தனித்தனிச் சீட்டு விற்றது, 1982-இல்தான் ஒரே சீட்டுக்கு மாறியது. நம் ஊருக்கு அந்த ஒரே சீட்டு நேரடியாகவே வந்து சேர்ந்தது. சறுக்கில் ஏறாத பாட்டிக்கும் காசு கட்ட வேண்டும். பொதுவாக இத்தகைய பூங்காக்களில் பிள்ளைகளுக்கு வயதைக் கேட்பதில்லை, உயரத்தை அளக்கிறார்கள். வெளிச் சாப்பாட்டுக்கும் பெரும்பாலும் அனுமதி கிடையாது. நைலான் உடை இல்லாதவர்கள் வாடகைக்கு எடுக்க வேண்டும். கட்டுச்சோறு மிச்சப்படுத்திக் கொடுத்த சாப்பாட்டுச் செலவு இப்படித் திரும்பி வந்துவிட்டது.

இந்தச் செலவுக்குப் பணம் ஒதுக்கி வைப்பதும் எளிதல்ல. இந்த வட்டாரத்துக் குடும்பங்களில் ஆண்டுச் செலவில் ஒரு நல்ல பங்கு செய்முறைக்குப் போகிறது. காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று மொய் நோட்டில் எழுதியதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். பள்ளி விடுமுறை வரும் மே மாதமும் வைகாசி முகூர்த்தமும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. உல்லாசத்துக்கென்று முன்கூட்டி ஒதுக்கிய பணம் அதற்குள் வேறு வீட்டு வாசலுக்குப் போய்விடும். பூ விற்றோ, ஏலச்சீட்டு எடுத்தோ காசு கையில் இருக்கும் அன்றே கிளம்பிவிடுவதுதான் அதைக் காப்பாற்றும் வழி. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் திட்டமில்லாததாகத் தெரியும் திடீர்ப் பயணம் இங்கே ஒரு வகைச் சிக்கனம்தான். கோயிலில் காதுகுத்துக்குப் பேசிய வேனைத் திரும்பும் வழியில் அணைக்கோ பூங்காவுக்கோ விடச் சொல்வதும் அதே சிக்கனத்தின் இன்னொரு வடிவம். வேன் வாடகை பங்காளிகள் எல்லோருக்கும் பொது.

பயணச் செலவு 2021 மே மாதத்தில் ஒருபுறம் குறைந்தது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்ததால், பெண்கள் அதிகமுள்ள குடும்பம் மதுரை நகருக்குள் அலைவது மலிவாகிவிட்டது. வெளியூர்ப் பஸ்ஸுக்கு அந்தச் சலுகை கிடையாது. பரவைக்குப் போகிறவர்கள் ஆரப்பாளையத்தில் இறங்கித் திண்டுக்கல் திசைக்கு மாற வேண்டியிருப்பதால் இரண்டு கணக்கும் ஒரே நாளில் வருகின்றன.

ரயிலின் கதை இன்னும் விசித்திரமானது. அகலப் பாதைக்காக 2010 டிசம்பர் இறுதியில் நிறுத்திய சேவை, 2020 ஜனவரியில் உசிலம்பட்டி வரை சோதனை ஓட்டம் கண்டு, 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூன் மாதம் போடி வரைக்கும் திரும்பியது. தேனி வரை முதலில் விடப்பட்ட வண்டி காலையில் மதுரையிலிருந்து மேற்கே போய் மாலையில் கிழக்கே திரும்பும்படி ஓடியது. அதில் ஏறி மதுரையில் ஒருநாளைக் கழித்துவிட்டு அன்றே உசிலம்பட்டி திரும்ப வழியில்லாமல் இருந்தது. அதனால் பரவைப் பூங்காவுக்கும் தமுக்கத்துக்கும் அப்போதும் பஸ்தான் கதியாக இருந்தது. ஆண்டிபட்டியில் இறங்கி வைகை அணைக்குப் போய் வர மட்டும் அந்த வண்டியின் நேரம் பொருந்தியது.