மலைக்கு ஏறிய டர்போ

எங்கள் பக்கத்து லாரிகள் முதுகில் பெரிய எழுத்தில் ‘டர்போ’ என்று பெயின்ட் அடித்துக்கொண்டு திரிய ஆரம்பித்தது தொண்ணூறுகளில். அதற்கு முன்பே டீசல் இஞ்சின் பிரித்துக்கொண்டிருந்தவன் நான். காச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் வண்டி எந்த வளைவில் மூச்சு வாங்கும் என்பதைப் புகையை வைத்தே சொல்லிவிடுவோம்.

வெள்ளிமலை இருக்கும் கல்வராயன் மலையிலிருந்து வருகிற மரவள்ளி இறங்குகிற சரக்கு. அதற்கு நல்ல பிரேக் இருந்தால் போதும். இஞ்சினைச் சோதிப்பது ஏறுகிற சரக்குதான்: சிமென்ட், உரம், ரேஷன் அரிசி. 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை அது. பிற்பாடு ஆட்களும் சரக்கும் மேலே போனதில் பாதி ஜீப்பின் புண்ணியம். மகிந்திரா ஜீப்பில் பிரான்சு நாட்டுப் பெஜோ டீசல், 2112 சிசி. டர்போ கிடையாது, பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாக உறிஞ்சும் காற்றோடு சரி. உயரம் ஆயிரம் அடி கூடினால் இப்படிப்பட்ட இஞ்சினுக்குப் பலம் நூற்றுக்கு மூன்று பங்கு போகும். மூவாயிரம் அடியில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு காணாமல் போய்விடும். ஆள் ஏற்றுகிறவர்கள் இதையெல்லாம் கணக்குப் பார்த்தா ஏற்றினார்கள்?

அந்தக் குறையைத்தான் டர்போ நிரப்பியது. வீணாய்ப் போகிற புகையே ஒரு சக்கரத்தைச் சுற்றும்; அதே தண்டின் மறுமுனைச் சக்கரம் காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூச்சி 1905லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். எண்பதுகளில் தொடங்கிய டர்போ எனர்ஜி கம்பெனி நம் தமிழ்நாட்டிலேயே இதைச் செய்தது. 2000க்குப் பிறகு புகைக் கட்டுப்பாட்டு விதிகள் ஒவ்வொன்றாக இறுக, டர்போ இல்லாத லாரி ஷோரூமிலிருந்தே மறைந்துவிட்டது.

டிரைவர்கள் பழகத்தான் நாளானது. லட்சம் சுற்று சுற்றுகிற தண்டு அது, மிதப்பதே இஞ்சின் ஆயிலில். ஏற்றம் ஏறிய சூட்டோடு சாவியைத் திருப்பி அணைத்தால் ஆயில் வரத்து நின்று, உள்ளே இருப்பது கருகிக் கரியாகும். “ரெண்டு நிமிஷம் ஓட விட்டு அணைங்க தம்பி” என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

இப்போது பையன்கள் பழைய பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, “அண்ணே, ஒரு டர்போ மாட்டிக் குடுங்க” என்கிறார்கள். டீசலின் கதை வேறு. அது வெறும் காற்றை அமுக்குகிறது. இன்னும் கொஞ்சம் காற்று கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும். பெட்ரோல் இஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கலந்தே அமுங்குவதால், அழுத்தம் மிஞ்சினால் தானே வெடித்துத் தட்டும். பிஸ்டன் ஓட்டையாகிவிடும்.

அமெரிக்கக்காரன் 1962லேயே இதில் அடிபட்டான். ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் காரில் கம்ப்ரஷனை, அதாவது கலவை எத்தனை மடங்கு அமுங்குகிறது என்பதை, 10.25லேயே வைத்துக்கொண்டு டர்போ மாட்டினார்கள். தட்டாமல் இருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவம் தனித் தொட்டியில். வாங்கியவர்கள் அதை நிரப்ப மறந்தார்கள், வண்டி இழுக்கவில்லை என்று சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் டர்போவைக் கழற்றிச் சாதாரண கார்புரேட்டரை மாட்டிக் கொடுத்தது கம்பெனி. அதே 1962ல் செவர்லே கார்வேரில் கம்ப்ரஷனை 8க்கு இறக்கினார்கள். 1975ல் போர்ஷே 911 டர்போவுக்கு 6.5 வரை இறக்கியது. கம்பெனிக்காரனே பிஸ்டனை மாற்றிவிட்டுத்தான் டர்போவைத் தொட்டான்.

ஆகவே பையன்களிடம் நான் விலை பேசுவதில்லை, கேள்வி கேட்கிறேன். கம்ப்ரஷன் எவ்வளவு? சூடான காற்றை ஆற்ற இன்டர்கூலர் வைக்க முன்பக்கம் இடம் இருக்கிறதா? கூடுதல் பெட்ரோல் கொடுக்க இன்ஜெக்டர் தாங்குமா, கம்ப்யூட்டரை யார் திருத்துவார்? டர்போவிலிருந்து ஆயில் திரும்ப எங்கே இறங்கும்? மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது; ஆர்.டி.ஓ. கேட்டால் என்ன சொல்வாய்? பாதிக் கேள்வியிலேயே சைலன்சரை மட்டும் மாற்றினால் போதும் என்று இறங்கி வந்துவிடுகிறார்கள். சத்தம்தான் பலம் என்று நினைக்கிற வயசு.

வெள்ளிமலைப் பக்கம் இன்னமும் அந்தப் பழைய பெஜோ ஜீப்புகள் சில ஓடுகின்றன. அவற்றுக்கு டர்போ மாட்டச் சொல்லி யாரும் வந்ததில்லை. வந்தாலும் மாட்ட மாட்டேன். அந்த வயசில் ஹெட் கேஸ்கெட் தாங்காது.