விசுவாசமும் ஐயமும்: தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகளில் ஒரு சொல் வரலாறு

முன்னுரை

சமய நூலொன்று வேறொரு மொழிக்குச் செல்லும்போது அதன் கதைகள் எளிதில் பெயர்ந்துவிடுகின்றன. கருத்துச் சொற்களோ அவ்வாறு பெயர்வதில்லை. அவை புகுந்த மொழியில் முன்பே வழங்கும் பொருள்களோடு கலந்து, சிலவற்றை இழந்து, சிலவற்றைப் புதிதாகப் பெற்றே நிலைபெறுகின்றன. தமிழ் விவிலியத்தில் இறைப்பற்றைக் குறிக்கும் தலைமைச் சொல்லாக விளங்கும் 'விசுவாசம்', அதனிடத்தில் பின்னர் வந்த 'நம்பிக்கை' ஆகிய இரண்டும் இதற்குத் தக்க சான்றுகளாகும்.

இச்சொல் மாற்றத்தை வடசொல்லுக்கும் தமிழ்ச்சொல்லுக்கும் இடையிலான போட்டியாக மட்டும் காண்பது வழக்கம். ஆயின், இறைப்பற்றுக்கு வழங்கும் சொல் மாறும்போது அதற்கு எதிராகவோ துணையாகவோ நிற்கும் ஐயத்தின் பெயரும் மாறுகிறது. ஐயுறுபவன் சமயத்திற்குப் புறத்தே நிற்பவனா, வழியில் நடந்துகொண்டிருப்பவனா என்னும் வினாவுக்கு விடை அப்பெயரிலேயே அடங்கிவிடுகிறது. இக்கட்டுரை அச்சொற்களின் வரலாற்றைத் தொடர்ந்து சென்று, விவிலியம் கூறும் ஆன்மீக வளர்ச்சியில் ஐயத்திற்குரிய இடத்தை ஆராய முற்படுகிறது.

மூலமொழிகளில் பற்றும் ஐயமும்

எபிரேய மொழியில் இறைப்பற்றைக் குறிக்கும் 'எமுனா' என்னும் சொல் உறுதி, நிலைபேறு என்னும் பொருள்களை அடிப்படையாகக் கொண்டது. வழிபாட்டில் வழங்கும் 'ஆமென்' என்பதும் இதே வேரினின்று பிறந்ததாகும். யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தில் அமலேக்கியரோடு போர் நிகழும்போது மோசேயின் கைகள் சோர்கின்றன. ஆரோனும் ஊரும் இருபுறமும் நின்று அவற்றைத் தாங்குகின்றனர். கதிரவன் மறையும்வரை அக்கைகள் உறுதியாய் இருந்தன என்னுமிடத்தில் 'எமுனா' என்னும் சொல்லே ஆளப்பட்டுள்ளது. அவ்வுறுதி பிறர் தாங்கியதால் நிலைத்த உறுதி என்பது நோக்கத்தக்கது.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் 'பிஸ்டிஸ்' என்பது பற்றுறுதியையும், 'எல்பிஸ்' என்பது வரவிருப்பதை எதிர்பார்த்திருத்தலையும் குறிக்கும். ஐயத்திற்கோ ஒரே சொல் இல்லை. மத்தேயு நற்செய்தியில் இருமுறை மட்டுமே வரும் 'டிஸ்டாசோ' இருவழிப்பட்டுத் தயங்குதலைக் குறிக்கிறது. யாக்கோபு திருமுகத்தில் 'தியக்ரினோ' என்னும் வினையும் 'டிப்சுகோஸ்' என்னும் சொல்லும் வருகின்றன. பின்னதனைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'இருமனமுள்ளவன்' எனப் பொருத்தமுறப் பெயர்த்துள்ளது. இவற்றின் வேறாக 'அபிஸ்டோஸ்' என்பது பற்றுறுதி இல்லாமையை உணர்த்தும். எனவே தயக்கமும் மறுப்பும் மூலத்தில் வெவ்வேறு சொற்களால் சுட்டப்படுகின்றன எனலாம்.

தமிழில் சொற்கள் நிலைபெற்ற வரலாறு

தமிழ்க் கிறித்தவ உரைநடையின் அச்சு வரலாறு 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் வெளிவந்த அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலோடு தொடங்குகிறது. புதிய ஏற்பாட்டின் முதல் தமிழ் அச்சுப் பதிப்போ 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கின் முயற்சியால் உருவானது. அதன் முதற்பகுதி 1714ஆம் ஆண்டும் முழுநூல் 1715ஆம் ஆண்டும் வெளிவந்தன. பின்னர்ப் பப்ரிசியுசு (1711–1791) செய்த மொழிபெயர்ப்பு மக்களின் வழிபாட்டு மொழியாகவே ஆகிவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரேனியுசு (1790–1838) மொழிபெயர்ப்பு நெறிகள் குறித்து 1827ஆம் ஆண்டு ஒரு கட்டுரை எழுதி, சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதைவிடத் தமிழ் மரபுக்கியைந்த நடையே வேண்டுமென வாதிட்டார். அவருடைய புதிய ஏற்பாடு 1833ஆம் ஆண்டு வெளிவந்தது. பழைய மொழிபெயர்ப்பில் கைவைப்பதைத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கடுமையாக எதிர்த்தார். வழிபாட்டில் பழகிய சொற்கள் மாறுவதை மக்கள் வெறும் மொழிச் சிக்கலாகக் கருதவில்லை என்பதற்கு அவ்வெதிர்ப்பே சான்று. இப்பூசல்களுக்குப் பின்னர் ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கி 1871ஆம் ஆண்டு முழுமையாக வெளிவந்த மொழிபெயர்ப்பே சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றும் பெருவழக்காக உள்ளது.

இம்மொழிபெயர்ப்பில் 'பிஸ்டிஸ்' என்பதற்கு 'விசுவாசம்' என்பதும் 'எல்பிஸ்' என்பதற்கு 'நம்பிக்கை' என்பதும் வழங்குகின்றன. இவ்வமைப்பில் 'நம்பிக்கை' எதிர்காலத்தை நோக்கிய சொல்லாகும். தொல்காப்பிய உரியியல் 'நம்பு' என்பதற்கு நசை, அதாவது விருப்பம் என்னும் பொருளைக் கூறுகிறது. ஆதலின் விரும்பி எதிர்பார்த்திருத்தலைக் குறிக்க அச்சொல்லை ஆண்டது தமிழின் தொன்மைப் பொருளோடும் இயைந்ததே.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. பொதுவழக்கில் 'விசுவாசம்' என்பது தலைவனிடத்தும் முதலாளியிடத்தும் காட்டும் நன்றியுணர்வு என்னும் பொருளில் சுருங்கியது. 1916ஆம் ஆண்டு தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் வடசொற்களின் ஆட்சியைக் கேள்விக்குள்ளாக்கியது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962–1965) பின்னர்த் திருச்சபைப் பிரிவுகள் இணைந்து மொழிபெயர்க்கும் சூழல் உருவானது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து உருவாக்கி 1995ஆம் ஆண்டு வெளிவந்த 'திருவிவிலியம்' இம்மாற்றங்களின் விளைவாகும். இதில் 'பிஸ்டிஸ்' என்பது 'நம்பிக்கை' ஆயிற்று. 'எல்பிஸ்' என்பதற்கு 'எதிர்நோக்கு' என்னும் சொல் அமைந்தது. ஆகவே 1871ஆம் ஆண்டின் நூலில் 'நம்பிக்கை' எனப் படிக்கும் ஒருவரும் 1995ஆம் ஆண்டின் நூலில் அதே சொல்லைப் படிக்கும் ஒருவரும் வெவ்வேறு கருத்துகளையே பெறுகின்றனர். ஒப்பாய்வு செய்வோர் இதனை மறத்தலாகாது.

ஐயுறுவோன் பெறும் பெயர்

இனி ஐயத்தின் பெயர்களை நோக்குவோம். உயிர்த்தெழுந்த இயேசுவின் காயங்களைக் கண்டு தொட்டாலன்றி ஏற்கமாட்டேன் என்ற தோமாவின் கதை யோவான் நற்செய்தி 20ஆம் அதிகாரத்தில் உள்ளது. அவரிடம் இயேசு கூறும் மொழியில் மூலம் 'அபிஸ்டோஸ்' என்னும் சொல்லை ஆள்கிறது. பழைய மொழிபெயர்ப்பு அதனை 'அவிசுவாசி' எனப் பெயர்த்தது. திருவிவிலியமோ அவ்விடத்தில் 'ஐயம்' என்னும் சொல்லைக் கொண்டது. சொல்லளவில் நோக்கின் முன்னதே மூலத்திற்கு நெருக்கமானது. கதையளவில் நோக்கின் பின்னது பொருந்துகிறது. ஏனெனில் தோமா அக்குழுவை விட்டு நீங்கியவரல்லர், எட்டு நாள்களுக்குப் பின்னரும் அவர்களோடு அதே வீட்டில் இருந்தவர்.

மத்தேயு 14ஆம் அதிகாரத்தில் நீர்மேல் நடக்கத் தொடங்கி அமிழ்ந்த பேதுருவைப் பழைய மொழிபெயர்ப்பு 'அற்பவிசுவாசி' என்கிறது. திருவிவிலியம் நம்பிக்கை குன்றியவன் என்கிறது. 'அற்பம்' என்பது சிறுமையையும் இழிவையும் ஒருங்கே உணர்த்தும். 'குன்றுதல்' என்பதோ தேய்ந்தது மீண்டும் வளரக்கூடும் என்னும் குறிப்பை உடையது. படகிலேயே தங்கிவிட்ட ஏனையோருக்கு மூழ்கும் இடர் நேரவில்லை என்பதும் இங்கு எண்ணத்தக்கது.

யூதா திருமுகத்தின் 22ஆம் வசனம் மேலும் இன்றியமையாத சான்றாகும். பழைய மொழிபெயர்ப்பில் அது, படிப்போர் பகுத்தறிவுடையோராய்ச் சிலருக்கு இரங்குமாறு பணிக்கிறது. திருவிவிலியத்திலோ நம்பத் தயங்குவோர்க்கு இரங்குமாறு பணிக்கிறது. இவ்வேறுபாட்டிற்குக் கிரேக்கப் படிகளில் உள்ள பாடபேதமும், 'தியக்ரினோ' என்னும் வினை பகுத்துணர்தல், ஐயுறுதல் ஆகிய இரு பொருள்களையும் தாங்கி நிற்பதும் காரணங்களாகும். ஐயுறுவோர்க்கு இரங்குக என்னும் வெளிப்படையான கட்டளை, பழைய மொழிபெயர்ப்பை மட்டுமே பயின்றோர் கண்ணில் அவ்வசனத்தில் படவே இல்லை. ஐயுறுவோன் காற்றில் அலையும் கடலலையை ஒப்பான் என்னும் யாக்கோபின் கண்டிப்பு மட்டும் அவர்கள் செவியில் நின்றது. ஒரு சொல்லின் பெயர்ப்பு, சமுதாயம் தன்னுள் தடுமாறுவோரை நடத்தும் முறையையும் தொடக்கூடும் என்பதற்கு இது சான்று பகர்கிறது.

எனினும் பழைய மொழிபெயர்ப்பு தயக்கத்தை முற்றிலும் மறைத்ததென்று கூறுதல் பொருந்தாது. மத்தேயு நற்செய்தியின் இறுதியில், மலைமேல் இயேசுவைப் பணிந்தோருள் சிலர் ஐயுற்றனர் என்னும் செய்தியை அதுவும் ஒளிக்காமல் தருகிறது. அவ்வையத்தோடு நின்றவர்களிடமே உலகெங்கும் சென்று கற்பிக்கும் பணி ஒப்படைக்கப்படுகிறது. மாற்கு 9ஆம் அதிகாரத்தில் நோயுற்ற மகனின் தந்தை, தன் பற்றையும் பற்றின்மையையும் ஒரே மூச்சில் அறிக்கையிட்டு உதவி கேட்கிறார். அவருடைய வேண்டுதல் மறுக்கப்படவில்லை.

தமிழ் மரபில் ஐயமும் தெளிவும்

'ஐயம்' என்னும் சொல் தமிழ் இலக்கணம் பயின்றோர்க்குப் புதியதன்று. அகப்பொருள் மரபில் காட்சி, ஐயம், தெளிவு என்பன ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்வன. தலைவியைக் கண்ட தலைவன் அவள் தெய்வமகளோ மானிட மகளோ என ஐயுறுகிறான். காணப்பட்ட பொருள் உயர்ந்ததாயின் ஐயம் எழுதலும் சிறப்புடையதே எனத் தொல்காப்பியக் களவியல் கருதுகிறது. கண்ணிமைத்தல் முதலான மானிட உடலின் குறிகளைக் கண்டு அவன் தெளிகிறான். வள்ளுவரும் ஆராயாது தெளிதல், தெளிந்தபின் ஐயுறுதல் ஆகிய இரண்டையும் ஒருசேரக் கடிகிறார். தெளிவதற்கு முன் எழும் ஆராய்ச்சியை அவர் வேண்டுகிறார்.

தோமாவின் கதையிலும் ஐயம், உடற்குறி, தெளிவு என்னும் வரிசை அமைந்துள்ளது. அவர் கேட்டது காயங்களின் தழும்புகளை; அவற்றைக் கண்டபின் கூறியது அந்நற்செய்தியின் மிக உயர்ந்த அறிக்கை. இவ்விரு மரபுகளுக்கும் இடையே வரலாற்றுத் தொடர்பு உண்டென்பது நம் கருத்தன்று. 'அவிசுவாசம்' என்பதன் இடத்தில் 'ஐயம்' வந்து அமர்ந்தபோது, தெளிவை நோக்கிய ஒரு நிலை என்னும் மரபுப் பொருளும் அதனோடு விவிலியத்துள் புகுந்தது என்பதே நாம் சுட்ட விழைவது.

ஆன்மீக வளர்ச்சி

ஐயத்தில் தங்கிவிடுதலை விவிலியம் போற்றவில்லை. எபிரேயர் திருமுகத்தின் 5ஆம் அதிகாரம் பாலுண்ணும் குழந்தையையும் திட உணவு உண்ணும் முதிர்ந்தோரையும் வேறுபடுத்துகிறது. முதிர்ந்தோர் பயிற்சியினால் நன்மை தீமைகளைப் பகுத்துணர வல்லவர் என்கிறது. அங்குப் பகுத்துணர்தலைக் குறிக்கும் 'தியக்ரிசிஸ்' என்னும் சொல், ஐயுறுதலைக் குறிக்கும் 'தியக்ரினோ' என்பதோடு ஒருவேர்ப்பட்டது. ஒருவேர்ச் சொற்கள் யாண்டும் ஒரே பொருள் தருவன அல்ல. ஆயினும் மனம் இருகூறாகப் பிளவுறுதலும் பொருளை இருகூறாகப் பகுத்தறிதலும் அண்டை நிலைகளே என்பதை இவ்வேர் நினைவூட்டுகிறது. முன்னது பயிற்சியினால் பின்னதாக முதிர்தலை வளர்ச்சி எனலாம்.

இவ்வளர்ச்சியைப் பயணமாகக் காட்டியவர் ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியன் (1628–1688). 1678ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய 'மோட்சப் பயணம்' நூலின் முதற்பகுதியில் பயணிகள் இருவர் கடினமான பாதையை விட்டு எளிய புல்வெளி வழியே சென்று, ஐயம் என்னும் பெயருடைய கோட்டையில் சிறைப்படுகின்றனர். வாக்குறுதி என்னும் திறவுகோல் தொடக்கமுதலே தன் மார்பகத்தே இருந்ததைப் பின்னரே ஒருவர் உணர்ந்து கதவைத் திறக்கிறார். இந்நிகழ்ச்சி பயணத்தின் தொடக்கத்தில் அன்றி, மாயச் சந்தையைக் கடந்த பின்னரே நிகழ்கிறது. ஐயம் புதியோர்க்கு மட்டும் உரியதன்று என்பதே அதன் உட்பொருள்.

அந்நூலைத் தழுவிக் கம்பனின் காப்பிய நெறியில் 'இரட்சணிய யாத்திரிகம்' இயற்றியவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900). வைணவக் குடியில் பிறந்து 1858ஆம் ஆண்டு திருமுழுக்குப் பெற்ற அவர், அக்காப்பியத்தை 1894ஆம் ஆண்டு வெளியிட்டார். இடைப்பட்ட ஆண்டுகள் முப்பத்தாறு. ஆதி பருவம் முதல் இரட்சணிய பருவம் ஈறாக ஐந்து பருவங்களில் அது உயிரின் பயணத்தை விரிக்கிறது. விசுவாசத்தை ஒருமுறை பெற்று வைத்துக்கொள்ளும் உடைமையாகக் கருதாமல், நடந்து கடக்க வேண்டிய வழியாகத் தமிழ்ப் புலவர்க்கு உணர்த்தியது அக்காப்பியத்தின் தனிச்சிறப்பாகும்.

முடிவுரை

'விசுவாசம்' என்பதும் 'நம்பிக்கை' என்பதும் தம்முள் உயர்வு தாழ்வு உடையன அல்ல. முன்னதனோடு இரு நூற்றாண்டுக் கீர்த்தனைகளும் செபங்களும் பிணைந்துள்ளன. பின்னது இன்றைய தமிழனின் நாவில் இயல்பாக வழங்குவது. ஆயினும் ஐயுறுவோரை மறுப்போரினின்று பிரித்துக்காட்டும் சொல்வளத்தை எந்த மொழிபெயர்ப்பும் இழத்தலாகாது. மூலம் அவ்வேறுபாட்டைப் பேணுகிறது. தமிழிலும் அதற்குரிய சொற்கள் உள்ளன. கிறித்தவத் தமிழ்ப் பனுவல்களைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஒரு வசனத்தின் இரு மொழிபெயர்ப்புகளையும் அருகருகே வைத்து மாணாக்கரைப் படிக்கச் செய்தல் நலம் பயக்கும். மோசேயின் கைகளை உறுதியாக்கியவர் அருகில் நின்ற இருவர். தடுமாறுவோனைப் புறத்தே நிறுத்தும் சொல்லைத் தேர்வதா, அவன் கையைத் தாங்கும் சொல்லைத் தேர்வதா என்பது மொழிபெயர்ப்பாளர் முன்னும் ஆசிரியர் முன்னும் என்றும் நிற்கும் பொறுப்பாகும்.