லினக்சு கருனியின் மின்சீராக்கிச் சட்டகம்

லினக்சு கருனியின் மின்சீராக்கிச் சட்டகம் என்பது, மின்சுற்றுப் பலகையிலுள்ள சில்லுகளுக்கு மின்சாரம் வழங்கும் சீராக்கிகளைச் சாதன இயக்கிகள் பொதுவான முறையில் கையாள உதவும் மென்பொருள் அடுக்கு ஆகும். இது 2008 அக்டோபரில் வெளியான 2.6.27ஆம் பதிப்பில் கருனியுடன் இணைக்கப்பட்டது.

பின்னணி

கைபேசி போன்ற கருவிகளில் செயலி, திரை, நினைவக அட்டை, உணரி ஆகியவற்றுக்கு வெவ்வேறு மின்னழுத்தங்கள் தேவை. செயலியின் இயங்குதிறன் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமைவதால், வேகத்தை மாற்றாமல் 1.2 வோல்ட்டை 1.0 வோல்ட்டாகக் குறைத்தால் அத்திறன் ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும். ஆனால் அழுத்தம் அளவுக்குக் கீழே போனால் செயலி தடுமாறும். அளவுக்கு மேலே போனால் சில்லே பழுதாகலாம்.

பொதுச் சட்டகம் இல்லாத காலத்தில் பலகைக்கு ஏற்பத் தனித்தனி நிரல்கள் எழுதப்பட்டன. இரு சில்லுகள் ஒரே சீராக்கியைப் பகிரும்போது, ஓர் இயக்கி தன் வேலை முடிந்ததென மின்சாரத்தை நிறுத்தினால் மற்றச் சில்லும் அணைந்துவிடும்.

தோற்றம்

எடின்பரோவைச் சேர்ந்த வுல்ப்சன் மைக்ரோஎலக்ட்ரானிக்சு நிறுவனத்தில் இச்சட்டகத்தின் பணி தொடங்கியது. லியாம் கிர்ட்வுட், மார்க் பிரவுன் ஆகியோர் இதை வளர்த்தனர். இதன் அடிப்படை பொறுப்புப் பகிர்வாகும். இயக்கி தன் தேவையைக் கேட்கும். பலகையை வடிவமைத்தவர் பாதுகாப்பான வரம்பைக் குறிப்பார். எத்தனை பேர் மின்சாரம் கேட்டுள்ளனர் எனக் கருனி எண்ணி வைக்கும். கடைசிப் பயனரும் விடுவித்த பின்னரே சீராக்கி அணைக்கப்படும். வரம்பு குறிக்கப்படாவிட்டால் மின்னழுத்தத்தை மாற்ற அனுமதி இல்லை.

காத்திருக்கும் முறை

சீராக்கியின் இயக்கி, அதைப் பயன்படுத்தும் சாதனத்தின் இயக்கிக்குப் பின்னர் ஏற்றப்படுவதுண்டு. இதற்காக 2012இல் வெளியான 3.4ஆம் பதிப்பில் 'பின்னர் முயல்க' என்னும் விடை சேர்க்கப்பட்டது. அவ்விடையைப் பெறும் இயக்கி விலகி நின்று மீண்டும் அழைக்கப்படும்.

'இல்லை' என்பதன் இரு பொருள்

சில பலகைகளின் விவரிப்பில் சீராக்கி குறிக்கப்பட்டிருக்காது. மின்சாரம் இன்றிச் சில்லு இயங்காது என்பதால், அங்கு மின்சாரம் எப்போதும் உண்டு என்றே கொள்ள வேண்டும். அந்நிலையில் கருனி ஒரு போலிச் சீராக்கியைத் தருகிறது. உண்மையாகவே இணைக்கப்படாமல் விடக்கூடிய மின்வழிகளுக்காக 2013இல் 'விருப்பத்திற்குரியது' எனக் கேட்கும் தனி வழி உருவானது.

இவ்விரண்டையும் குழப்புவது இயக்கிகளில் அடிக்கடி காணப்படும் பிழை. கட்டாயமான மின்வழியை விருப்பத்திற்குரியதாகக் கேட்டு, கிடைத்த எந்தப் பிழையையும் 'மின்வழி இல்லை' எனக் கொள்ளும் இயக்கி, 'பின்னர் முயல்க' என்ற விடையையும் புறக்கணித்துவிடும். தொடக்கத்தில் சாதனம் இயங்கவும் கூடும். ஏனெனில் கருனிக்கு முன் ஓடும் துவக்கநிரல் மின்சாரத்தை ஏற்கெனவே இயக்கி வைத்திருக்கலாம். கருனியோ துவக்கம் முடிந்ததும், எவரும் கேட்காத, அணைக்க அனுமதியுள்ள சீராக்கிகளை அணைத்துவிடும். அப்போது நன்றாக இயங்கிய சாதனம் திடீரென நின்றுபோகும்.

எனவே சில்லின் தரவுத்தாளில் உள்ள ஒவ்வொரு மின்முனையையும் இயக்கி பெயர் சொல்லிக் கேட்பதும், கிடைக்கும் பிழையை அப்படியே மேலே தெரிவிப்பதும் முறையான வழக்கமாகக் கருதப்படுகின்றன.