கூரையில் பூத்த துலிப்: உஸ்தாத் மன்ஸூரின் கலைக்கண்

இஸ்லாமியக் கலை என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவன வளைந்தோடும் அரபு எழுத்தணிகளும் முடிவின்றித் தொடரும் கோலச் சட்டங்களுமே. உயிருள்ளவற்றை வரைவது பற்றிய மார்க்கத் தயக்கத்தையும் நாம் அறிவோம். ஆயினும் அன்றாடம் கண்ணெதிரே பூத்து உதிரும் மலரையும் வயலோரத்தில் மேயும் பறவையையும் பொருளாகக் கொண்டு ஓர் உயர்ந்த ஓவிய மரபு முஸ்லிம் அரசவையொன்றில் தழைத்தது. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

இம்மரபின் வேர் தூரிகையில் அன்று, எழுதுகோலில் இருந்தது. முகலாய அரசை நிறுவிய பாபர் தம் வாழ்க்கைக் குறிப்பில் போர்களை மட்டும் எழுதி நிறுத்தவில்லை. காபூல் மலைச் சரிவுகளில் பூக்கும் துலிப் வகைகளை ஆள் வைத்து எண்ணச் செய்தார். இந்துஸ்தானத்தின் விலங்குகளையும் பறவைகளையும் மரங்களையும் ஒவ்வொன்றாக வருணித்தார். அந்நூலின் பாரசீக மொழிபெயர்ப்புக்கு 1590ஆம் ஆண்டளவில் அக்பரின் ஓவியக்கூடத்தில் படங்கள் வரையப்பட்டபோது, அப்பணியில் பங்கேற்ற இளைஞர்களுள் ஒருவரே மன்ஸூர்.

அக்பரின் மைந்தர் ஜஹாங்கீர் (ஆட்சிக் காலம் 1605–1627) பாபரின் கண்ணையும் அக்பரின் ஓவியக்கூடத்தையும் ஒருங்கே பெற்றார். 1612இல் கோவா துறைமுகத்திலிருந்து வான்கோழி முதலிய புதுமையான உயிரினங்கள் அவைக்கு வந்தன. பாபர் விலங்குகளை எழுத்தில் வருணித்தாரேயன்றி ஓவியரைக் கொண்டு வரையச் செய்யவில்லை என்று தம் நினைவேட்டில் சுட்டும் ஜஹாங்கீர், அக்குறையைத் தாம் நிறைவு செய்ததாகக் கூறுகிறார். 1621இல் வரிக்குதிரையொன்று வந்தபோது, அதன் கோடுகள் சாயம் பூசியவையோ எனச் சிலர் ஐயுற்றனர். அவர் அதனை நெருங்கி ஆராய்ந்து தெளிந்தார். மன்ஸூர் வரைந்த அவ்வரிக்குதிரை இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அரிய விலங்கைக் கண்டு வியப்பது எவர்க்கும் இயல்பு. மன்ஸூரின் சிறப்பு அதனினும் ஆழமானது. வரிக்குதிரைக்குச் செலுத்திய அதே கவனத்தை அவர் எளிய பூவுக்கும் செலுத்தினார். 1620இல் ஜஹாங்கீர் காஷ்மீரில் வசந்த காலத்தைக் கழித்தார். மர வீடுகளின் கூரைமேல் மண் பரப்பி, அதில் துலிப் கிழங்குகளை ஊன்றும் அந்நாட்டு மக்களின் வழக்கத்தை அவர் குறித்து வைத்துள்ளார். ஆண்டுதோறும் வசந்தத்தில் அக்கூரைகள் பூத்தன. காஷ்மீரத்து மலர்கள் கணக்கில் அடங்கா என்றும், ‘நாதிருல் அஸ்ர்’, அதாவது ‘காலத்தின் அரியவர்’ என்னும் பட்டம் பெற்ற மன்ஸூர் வரைந்தவை மட்டும் நூற்றுக்கு மேற்பட்டன என்றும் அவர் எழுதுகிறார். அவற்றுள் எஞ்சியவை மிகச் சிலவே. அவற்றில் ஒன்றான செந்துலிப் ஓவியம் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் மௌலானா ஆசாத் நூலகத்தில் பேணப்படுகிறது.

ஐரோப்பியப் பாதிரிமார் வழியே வந்த அச்சுப் படங்களின் சாயல் இம்மலர் ஓவியங்களில் உண்டு என்பதை நாம் மறுக்க வேண்டியதில்லை. வரையும் முறை கடலைக் கடந்து வந்திருக்கலாம். வரையப்பட்ட மலரோ காஷ்மீரத்து மண்ணில் வேரூன்றி நின்றது.

பின்னர் ஷாஜஹானின் காலத்தில், 1632இல் பணி தொடங்கிய தாஜ்மஹாலின் பளிங்குச் சுவர்களில் மலர்ச் செடிகள் புடைப்புச் சிற்பங்களாயின. அங்கே பல மலர்கள் இன்ன இனம் என அடையாளம் காண இயலாதவாறு அணியாகவே மாறிவிட்டன. நோக்கிய மலர் நினைவில் நின்ற மலராயிற்று. ஆயினும் அந்த அணிகலைக்குப் பின்னே, செடியின் முன் பொறுமையுடன் அமர்ந்த தலைமுறையொன்று இருந்ததை நாம் மறத்தலாகாது.

தொடக்கத்தில் குறித்த தயக்கத்திற்கு அக்பர் அளித்த விடையை அபுல் ஃபஸ்ல் பதிவு செய்துள்ளார். உயிருள்ளதை உறுப்பு உறுப்பாக வரையும் ஓவியன், அதற்கு உயிரூட்டத் தன்னால் இயலாது என்பதை உணர்ந்து, உயிரளித்த இறைவனையே எண்ணும் நிலையை அடைகிறான் என்பது அதன் சாரம். இவ்விடையை அனைவரும் ஏற்றனர் என்பதற்கில்லை. எனினும் மன்ஸூரின் ஓவியத்தில் படைப்பாளனுக்கு எதிரான போட்டி இல்லை. படைப்பின் முன் பணிவே உள்ளது.

அப்பணிவுக்கு இன்று வேறொரு பொருளும் சேர்ந்துள்ளது. மன்ஸூர் வரைந்த சைபீரியக் கொக்கின் ஓவியம் கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் உள்ளது. ஐரோப்பிய அறிவியல் அப்பறவையை முறைப்படி வருணித்தது 1773இல். ஓவியரோ ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முன்னரே அதன் வெண்சிறகையும் செந்நிற முகத்தையும் தாளில் பதித்துவிட்டார். குளிர்காலந்தோறும் பரத்பூர் நீர்நிலைக்கு வந்துகொண்டிருந்த அக்கொக்குகள் 2002க்குப் பின் அங்கு வரவில்லை. வானில் காண இயலாததை நாம் ஓவியத்தில் காண்கிறோம். கூர்ந்து நோக்குதல் கலைக்கு மட்டும் தொடக்கமன்று. காத்தலுக்கும் அதுவே தொடக்கம். நம் வீட்டு வாயிலில் இன்று பூத்திருப்பதை நாம் ஒருமுறையேனும் நின்று நோக்கினோமா என்பதே மன்ஸூர் நம்முன் வைத்துச் சென்ற வினா.