பழந்தொப்பிகளைப் பேணுதல்

வீட்டில் வழிவழியாக இருந்துவரும் பழைய தொப்பிகளின் அழுக்கை நீக்கி, குலைந்த வடிவத்தை மீட்டு, பூச்சியும் பூஞ்சையும் அண்டாமல் வைத்துக் காக்கும் முறைகள் பழந்தொப்பிப் பேணல் எனப்படும். திருநெல்வேலி மாவட்டம் இராதாபுரம் வட்டத்தில் கடலையொட்டியுள்ள கூடங்குளம் போன்ற ஊர்களில் இதற்குத் தனிக் கவனம் வேண்டும். கடற்காற்றில் வந்து படியும் உப்பு ஈரத்தை ஈர்த்துப் பிடித்துக்கொள்வதால், மழை இல்லாத நாளிலும் துணியும் தோலும் நமுத்தே இருக்கும்.

தென்மாவட்ட வீடுகளில் காணக்கூடிய பழந்தொப்பிகளில் நெட்டி, கம்பளி, பனையோலை ஆகிய மூன்றும் முதன்மையானவை. தண்ணீர் பனையோலையை இளக்கும், கம்பளியை ஆவியாக வந்து வளைக்கும், நெட்டியை அழித்துவிடும். ஆகவே தொப்பி எதனால் ஆனது என்று அறியும்வரை ஈரத்துணியைக்கூட அதன்மேல் வைக்கலாகாது.

ஆங்கிலேய ஆட்சிக்கால அலுவலர்கள் அணிந்த சோலாத் தொப்பி நெட்டியால் ஆனது. நெட்டி என்பது நீர்நிலைகளில் வளரும் பயறுக் குடும்பச் செடியொன்றின் தண்டிலுள்ள வெண்ணிறச் சோறு. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடுகளும் இதைக் கொண்டே செய்யப்படுகின்றன. நெட்டித் தகடுகளை அச்சின்மேல் பசையிட்டு அடுக்கி, மேலே காக்கித் துணியோ வெள்ளைத் துணியோ போர்த்தி இத்தொப்பியை உருவாக்கினர். கண்கூச்சம் தணிய விளிம்பின் அடிப்புறத்தில் பச்சைத் துணி ஒட்டுவதும் உண்டு. உருவத்துக்குப் பொருந்தாத அளவு எடை குறைந்திருப்பதே நெட்டியின் அடையாளம். கார்க்கினால் செய்தவை சற்றுக் கனமாக இருக்கும். நெட்டியின் நுண்ணறைகள் ஒருமுறை நசுங்கினால் மீள்வதில்லை. நனைந்தால் தகடுகள் உப்பிப் பசை விட்டுவிடும். எனவே உள்ளொடுங்கிய பள்ளத்தை நிமிர்த்த முயலாமல் விடுவதே மேல். தூசியை மென்மயிர்த் தூரிகையால் உச்சியிலிருந்து விளிம்பை நோக்கித் தட்டவேண்டும். துணி விலகிய இடத்தில் மட்டும் கெட்டியான மைதாப் பசையை மிகக் குறைவாகத் தடவி, நிழலில் நன்கு உலர்த்தலாம். மிகுந்த பசை இராமபாணப் பூச்சிக்கு இரையாகும்.

கம்பளி இழைகளை ஈரமும் சூடும் அழுத்தமும் கொண்டு ஒன்றோடொன்று பிணைத்துச் செய்யும் ஃபெல்ட்டில், குஞ்சம் வைத்த சிவப்புத் துருக்கித் தொப்பி குறிப்பிடத்தக்கது. துருக்கியில் 1925இன் தொப்பிச் சட்டம் இதைத் தடைசெய்தது. தமிழக முஸ்லிம்களிடையே அதன் பின்னரும் இது வழக்கில் இருந்தது. இதன் சிவப்புச் சாயம் நனைந்தால் இறங்கக்கூடும் என்பதால் கழுவுதல் கூடாது. தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெய் உட்பட்டையில் ஊறி ஃபெல்ட்டிலும் கசிந்திருந்தால், அவ்விடத்தில் முல்தானி மட்டியை உலர்வாகத் தூவி ஓரிரவு விட்டு, பின்னர் இழை படிந்துள்ள திசையிலேயே துலக்கவேண்டும். அடர்நிறத்தில் வெண்தடம் தங்கலாமாதலால் முதலில் உட்புறத்தில் சோதிப்பது நல்லது.

விளிம்புடைய கம்பளித் தொப்பியின் வடிவம் குலைந்திருந்தால், பதநீர் இறக்கும் கலயம் ஒன்றைத் தலையளவுக்குப் பழைய வேட்டியால் சுற்றிக்கொள்வது எளிய வழி. கொதிக்கும் நீரின் ஆவியைச் சற்றுத் தொலைவிலிருந்து காட்டி, ஃபெல்ட் இளகியதும் அதைக் கலயத்தின்மேல் கவிழ்த்து, விரல் நுனியால் அல்லாமல் உள்ளங்கையால் நீவி, முற்றும் ஆறும்வரை அப்படியே விடவேண்டும். முயல் முதலிய விலங்குகளின் மென்மயிரால் ஆன மேனாட்டு ஃபெல்ட்டுக்கு இம்முறை பொருந்தாது. அம்மயிரைப் பதப்படுத்தப் பாதரச நைட்ரேட்டு பயன்பட்டது. அமெரிக்காவில் அது 1941இல்தான் தடைசெய்யப்பட்டது. அத்தகைய பழந்தொப்பியைச் சூடாக்கினால் பாதரச ஆவி வெளிப்படக்கூடும் என்பதால், கையுறையுடன் தொட்டுத் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பனையோலைத் தொப்பிக்கு நாட்பட்ட வறட்சியே பகை. முறுகிய ஓலையை அப்படியே வளைத்தால் நார்வாக்கில் கீறும். பிழிந்த ஈரத்துணியால் சிறிது நேரம் போர்த்தி, இளகியபின் வளைவைச் சரிசெய்து, நிழலில் காற்றாட வைத்தால் வடிவம் நிற்கும். சாயமேற்றிய ஓலை முடைந்திருந்தால் முதலில் ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்க்கவேண்டும்.

தொப்பியைச் சுவரின் ஆணியில் மாட்டுவதும், விளிம்பு தாங்கும்படி தட்டையாக வைப்பதும் அதன் வடிவத்தைக் கெடுக்கும். கஞ்சி போடாத வெள்ளைப் பருத்தித் துணியைச் சும்மாடுபோல் சுருட்டி அதன்மேல் இருத்தி, உட்குழிவையும் அத்துணியாலேயே தளர்வாக நிரப்பவேண்டும்; செய்தித்தாளின் அமிலமும் மையும் துணியைக் கறைப்படுத்தும். பாலித்தீன் உறை ஈரத்தைச் சிறைப்படுத்துவதால் மூடியுள்ள அட்டைப்பெட்டியே ஏற்றது. அதைக் கடல்பக்கச் சுவரிலிருந்து விலக்கி, வெக்கை மிகுந்த பரணையும் தவிர்த்து வைப்பது முறை. அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத் தின்பதால், அது கண்டறியப்பட்டால் தொப்பியைக் காற்றுப்புகா உறையிலிட்டு, சுழியத்துக்குக் கீழ் 18 பாகை செல்சியசு குளிரில் இரு வாரம் உறையவைத்து, வெளியே எடுத்தபின் வீட்டின் வெப்பநிலைக்கு வரும்வரை உறையைப் பிரிக்காமல் வைக்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பின் பெட்டியைத் திறந்து, உட்பட்டையின் மடிப்பை விரித்துப் பார்ப்பது இன்றியமையாதது; பூஞ்சை முதலில் தோன்றும் இடம் அதுவே.