முன்கூட்டிய வலையமைப்புப் பராமரிப்பு

நிறுவனங்களின் கணினி வலையமைப்பில் பழுது வருமுன்பே அறிகுறிகளைக் கண்டு களையும் முறை. சுவிட்ச், ரவுட்டர், சர்வர் ஆகியவற்றின் நிலையை ஒரே திரையில் கண்காணிக்க உதவும் எஸ்.என்.எம்.பி. நெறிமுறை 1988இல் வரையறுக்கப்பட்டது; இன்றும் புழக்கத்தில் உள்ளது. ஹார்டு டிஸ்க்கில் கெட்டுப்போன பகுதிகள் பெருகுவதும், யு.பி.எஸ். பேட்டரி தாங்கும் நேரம் குறைவதும் பெரும்பாலும் முன்னதாகவே தெரிந்துவிடும்.

மிகவும் புறக்கணிக்கப்படுவது மென்பொருள் திருத்தங்களை உரிய காலத்தில் நிறுவும் வேலைதான். விண்டோஸின் கோப்புப் பகிர்வு வசதியில் இருந்த ஓட்டையை அடைக்க மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று திருத்தம் வெளியிட்டது. அதை நிறுவாத கணினிகளில் மே 12 அன்று வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் புகுந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மருத்துவமனை நிர்வாகங்கள் தடுமாறின. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் மருத்துவச் சந்திப்புகள் ரத்தாயின. திருத்தம் கையில் இருந்தும் இரண்டு மாதம் வீணானது வேதனைக்குரியது.

இத்தகைய தாக்குதலிலும் தரவை இழக்காமலிருக்க, தரவுக்கு மூன்று பிரதிகள், இரு வகைச் சேமிப்புக் கருவிகள், ஒரு பிரதி வேறிடத்தில் என்பது பரவலான நடைமுறை. அவ்வப்போது அந்தப் பிரதிகளிலிருந்து கோப்புகளை மீட்டுப் பார்ப்பதும் அவசியம்.

பராமரிப்புக்கான திட்டமிடல் என்பது பெரிதும் கருவிகளின் ஆயுளைக் கணக்கிடுவதே. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாதவை. முடிவுத் தேதி பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்பட்டதால், புதியவை வாங்கும் செலவைப் பல வரவுசெலவுத் திட்டங்களில் பிரித்துக்கொள்ள அவகாசம் இருந்தது.