மல்லிகைக்கு எருவிட்ட கதை

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் பேசியது)



கார்த்திகை மாசம் கவாத்து முடிந்து குண்டுமல்லிச் செடி மொட்டையாக நிற்கிற நேரத்தில், உங்களில் பலர் உர மூட்டைக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். எத்தனை மூட்டை என்று யோசிக்கிற அளவுக்கு, எந்த மாசத்தில் எவ்வளவு என்று நாம் யோசிப்பதில்லை. அந்த "எப்போது" என்கிற கேள்விக்கு ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. அதைத்தான் இன்று சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

பழைய காலத்தில் பூ என்றால் முதலில் கோயில் பூதான். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில், கோயிலுக்கு நந்தவனம் வைக்கவும், அதில் பாடுபடுகிறவர்களின் ஜீவனத்துக்கும் நிலம் விட்ட செய்தி பல ஊர்களில் இருக்கிறது. ஏன் தனியாக நிலம் விட வேண்டும்? சுவாமிக்கு மாலை தினமும் வேண்டும். நெல்லுக்குப் போகத்துக்கு ஒரு அறுப்பு. பூவுக்கோ பருவம் முழுக்கத் தினம் அறுப்பு. தினமும் மண்ணிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டே இருக்கிறோம். அதனால் நந்தவனத்துக்காரர் தினமும் செடி முகத்தில் விழித்தாக வேண்டும். எப்போது வாடுகிறது, எப்போது துளிர்க்கிறது என்பதெல்லாம் அவருக்குக் கண்ணாலேயே தெரியும்.

சுரபாலர் என்பவர் எழுதிய 'விருக்ஷாயுர்வேதம்' என்று ஒரு வடமொழி நூல் உண்டு. ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முந்தையது என்கிறார்கள். அதன் ஏட்டுப் பிரதி இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நூலகத்தில் இருந்தது. 1996-ல்தான் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார்கள். அதில் 'குணபஜலம்' என்று ஒரு கரைசல் வருகிறது. விலங்குகளின் ஊன், கொழுப்பு, மஜ்ஜை இவற்றைத் தண்ணீரில் இட்டு, புளிக்க விட்டு, செடிக்கு ஊற்றுவது. நாற்றம் எப்படி இருந்திருக்கும் என்று கேட்காதீர்கள்! நாம் கவனிக்க வேண்டியது, அது தண்ணீரோடு தண்ணீராக வேருக்குப் போகிற உணவு என்பதை.

ஊன் எதற்கு, எங்கள் வீட்டில் பிண்ணாக்கே போதும். அப்பத்தா கிணற்று மேட்டில் பெரிய பானை ஒன்று வைத்திருக்கும். கடலைப் பிண்ணாக்கும் வேப்பம்பிண்ணாக்கும் மூணு நாள் அதில் ஊறும். கவலை இறைக்கும்போது வாய்க்கால் தலைப்பில் நின்று, அந்தக் கரைசலைச் செம்பு செம்பாக ஊற்றிக்கொண்டே இருக்கும். கவாத்து முடிந்து துளிர் வரும்போது ஒரு தரம், அரும்பு கண்டதும் ஒரு தரம், ஆனியில் பூ ஓய்கிறபோது ஒரு தரம். கோடையில் கண்மாய் வண்டல் வண்டியில் வரும். ஆட்டு எரு தனி. கடலைப் பிண்ணாக்கில் நூற்றுக்கு 7 பங்கு தழைச்சத்து என்பதெல்லாம் அப்பத்தாவுக்குத் தெரியாது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும் என்பது தெரியும்.

இனி மேல்நாட்டுக் கதை. 1840-ல் ஜெர்மனியில் லீபிக் என்ற ரசாயன அறிஞர், செடி மண்ணிலிருந்து தாது உப்புகளை எடுத்துத்தான் வளர்கிறது என்று புத்தகம் எழுதினார். 1842-ல் இங்கிலாந்தில் லாஸ் என்ற பண்ணைக்காரர், கந்தக அமிலத்தைக் கொண்டு சூப்பர் பாஸ்பேட் செய்ய உரிமை வாங்கினார். மறு வருஷம் அவரும் கில்பர்ட் என்ற விஞ்ஞானியும் சேர்ந்து ராத்தம்ஸ்டெட் பண்ணையில் சோதனை ஆரம்பித்தார்கள். தழைச்சத்துக்குக் காற்றும் மழையும் போதும் என்று லீபிக் நினைத்தார். போதாது, நாமும் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் வயலில் காட்டினார்கள்.

அந்தக் காலத்தில் நம் நாட்டு எலும்பும் எண்ணெய் வித்தும் கப்பலேறின. 1889-ல் இந்தியாவுக்கு வந்து சுற்றிப் பார்த்த வோல்கர் என்ற ஆங்கில விவசாய ரசாயன நிபுணர், 1893-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார். எலும்பும் வித்தும் வெளியே போவதால் இந்த மண் இழப்பதைக் கணக்கில் எடுத்தார். குடியானவன் சாணியை வறட்டி தட்டி எரிப்பது அறியாமையால் அல்ல, விறகு இல்லாததால்தான் என்றும் எழுதினார். குறை சொல்ல வந்தவர்கள் மத்தியில், காரணம் கேட்ட மனுஷர் அவர். 1906-ல் ராணிப்பேட்டையில் பாரி கம்பெனியார் சூப்பர் பாஸ்பேட் ஆலை வைத்தார்கள். நம் நாட்டுக்கே அதுதான் முதல் உர ஆலை.

தழைச்சத்து மூட்டைக்குள் வந்தது அதற்குப் பிறகு. காற்றில் இருக்கிற நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியா ஆக்குகிற வழியை ஜெர்மானியர் ஹேபர் 1909-ல் செய்து காட்டினார். 1913-ல் பாஷ் என்பவர் அதைப் பெரிய ஆலையாக நடத்தினார். நம்ம பக்கம் 1947-ல் ஆலுவாயிலும், 1951-ல் பீகாரில் சிந்திரியிலும் அம்மோனியம் சல்பேட் உற்பத்தி தொடங்கியது. எங்கள் ஊரில் அதற்கு உரம் என்ற பெயரே கிடையாது. 'உப்பு' என்றுதான் சொல்வார்கள்.

அந்த உப்பு எங்கள் தோட்டத்துக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 1971 என்று ஞாபகம், எனக்குப் பத்து வயசு. அப்பா கடன் சொல்லி மூட்டை வாங்கி வந்தார். கவாத்து முடிந்ததும் மொத்தத்தையும் ஒரே நாளில் செடிக்குச் செடி அள்ளி வைத்தார். "ஒரே தடவையில் சோலி முடிஞ்சது பாரு ஆத்தா, இனி பானையைத் தூக்கி வை" என்று அப்பத்தாவிடம் சிரித்தார். பத்தே நாளில் செடி கருகருவென்று தழைத்தது. ஊர்க்காரர்கள் வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பங்குனி வந்தது, மொட்டைக் காணோம். கொழுந்து கொழுந்தாக இலைதான். வந்த கொஞ்ச மொட்டிலும் புழு விழுந்தது. பூக்கூடை காலியாக இருந்த அந்தக் கோடையில், மூட்டைக் கடனுக்காக ஒரு கறவை மாடு போயிற்று. அந்த மாட்டோடு அதன் சாணியும் போயிற்று என்பதை அப்பா பிற்பாடுதான் சொன்னார்.

உப்பின் மேல் குற்றமில்லை. மல்லிகை புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கிறது. துளிர் வரத் தழைச்சத்து வேண்டும், வாஸ்தவம். ஆனால் அதுமட்டும் மிஞ்சினால் துளிர் நீண்டுகொண்டே போகுமே ஒழிய, அரும்பு கட்டாது. இளசான கொழுந்தைப் பூச்சி தேடி வரும். செடி குடித்தது போக மிச்சம் தண்ணீரோடு கீழே இறங்கிவிடும். பிண்ணாக்கு அப்படியில்லை. மண்ணில் மக்கி, மெதுவாகக் கொடுக்கும். அப்பத்தாவின் பானைக்குள் இருந்தது சத்து மட்டுமில்லை, அதைத் தவணையாக்குகிற வேலையும் அங்கேதான் நடந்தது. மூட்டை வந்தபோது சத்து வந்தது, தவணை விட்டுப்போயிற்று.

கோயம்புத்தூரில் 1909-லேயே நிரந்தர உரப் பரிசோதனை என்று ஒரு வயலைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து ஆரம்பித்தார்கள். ஒரு பாத்திக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்கு மணிச்சத்து மட்டும், ஒன்றுக்கு மூன்றும், ஒன்றுக்குத் தொழு உரம் என்று வருஷா வருஷம் அதே பாத்திக்கு அதையே கொடுத்து வந்தார்கள். தழைச்சத்து மட்டும் தின்ற பாத்தி பின்தங்கிப் போயிற்று. மூன்று சத்தும் பெற்றதும், தொழு உரம் பெற்றதும் தாங்கி நின்றன. இது பூப் பயிரில் செய்த சோதனை இல்லை. ஆனாலும் எங்கள் அப்பா செய்த தப்புக்கு, அவர் பிறப்பதற்கு முன்னாலேயே பதில் அங்கே இருந்தது. அது எங்கள் வரப்புக்கு வந்து சேரத்தான் அத்தனை வருஷம் ஆயிற்று.

இப்போது வேளாண்மைப் பல்கலைக்கழகம் குண்டுமல்லிக்குச் சொல்கிற கணக்கைக் கேளுங்கள். வருஷத்துக்குச் செடி ஒன்றுக்குத் தொழு உரம் 10 கிலோ, தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல்சத்து 120 கிராம். இந்த ரசாயன உரத்தை இரண்டு பங்காக்கி, நவம்பர் கடைசியில் கவாத்து முடிந்ததும் ஒரு பங்கு, ஜூன், ஜூலையில் ஒரு பங்கு. ஒரு தவணைக்கு என்ன ஆகிறது? யூரியா 65 கிராம், சூப்பர் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம். பார்த்தீர்களா, யூரியாதான் எல்லாவற்றிலும் குறைச்சல்! நாம் தலைகீழாகத்தானே செய்கிறோம்? தூரை ஒட்டி வைக்காமல், ஒரு அடி தள்ளி வட்டமாகப் பறித்து, உரத்தை இட்டு, மண்ணை மூடி, உடனே தண்ணீர் கட்டுங்கள். மணிச்சத்து வைத்த இடத்தைவிட்டு அதிகம் நகராது. மேலே தூவினால் வேருக்கு எட்டாது.

ஆனியில் அப்பத்தா ஊற்றிய செம்புக்கும், ஜூன் மாசத் தவணைக்கும் உள்ள பொருத்தத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கோடைப் பூவெடுப்பில் களைத்துப்போன செடிக்கு அது.

இன்னொரு சேதி. 2015 முதல் நம் நாட்டில் தயாராகிற யூரியா முழுவதும் வேம்பு பூசித்தான் வர வேண்டும் என்று அரசு சொல்லிவிட்டது. வேப்பெண்ணெய் யூரியா சட்டென்று வீணாவதைத் தாமதப்படுத்துகிறது. வேப்பம்பிண்ணாக்கு மறுபடி மூட்டைக்குள்ளேயே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். 2018-லிருந்து அந்த மூட்டையும் 50 கிலோ இல்லை, 45 கிலோ. மூட்டைக் கணக்கில் போடுகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

கடைசியாக, நம்ம சுண்ணாம்பு மண்ணில் அடிக்கடி வருகிற ஒரு தொந்தரவு. மல்லிகையின் இளம் இலை வெளுத்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். உடனே யூரியா போதவில்லை என்று இன்னும் அள்ளி வைக்கிறார்கள். அது யூரியாப் பசி இல்லீங்க, இரும்புச்சத்துக் குறை. அன்னபேதி உப்பை லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, இலை நன்றாக நனையும்படி தெளியுங்கள். இலை பச்சை திரும்புகிறவரை மாசம் ஒரு முறை தெளித்தால் போதும். நல்ல வெயிலில் தெளித்தால் இலை கருகும், ஆகவே பூப் பறித்து முடித்த பிறகு, பொழுது சாயும் நேரத்தில் தெளிப்பது நல்லது.